பத்து நிமிட இருட்டும் ஒரு துள்ளல் பாட்டும்

பாட்டின் கொரியப் பெயர் 'தாஷி மன்னன் செகே'. நடுவில் நிற்கும் மன்னனைப் பார்த்து ராஜா ராணிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். கொரிய மொழியில் 'மன்னன்' என்றால் 'சந்தித்த'. தாஷி என்றால் மீண்டும், செகே என்றால் உலகம். மீண்டும் சந்தித்த உலகம். மூன்று சொல்லுக்கு மூன்று சொல், வரிசைகூட மாறவில்லை. நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து நிற்பதுபோலத்தான் அவர்களுடையதும் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'இன்டு த நியூ வேர்ல்ட்' என்று பெயர் வைத்தார்கள். உலகெங்கும் அந்தப் பெயரில்தான் தெரியும். ஆனால் புதிய உலகத்துக்குள் காலடி வைப்பது வேறு, முன்பே தெரிந்த ஓர் உலகத்தை மறுபடி சந்திப்பது வேறு. முதலாவதில் உற்சாகம் மட்டும் போதும். இரண்டாவதில் நடுவே ஒரு பிரிவு இருந்திருக்க வேண்டும், கொஞ்சம் அழுகையும் இருந்திருக்க வேண்டும். இந்தப் பாட்டின் ரகசியம் பாதி அங்கேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பாடியவர்கள் கேர்ள்ஸ் ஜெனரேஷன். கொரியாவில் 'சோன்யோ ஷிதே', சிறுமியர் காலம். 2007 ஆகஸ்டில் எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒன்பது பெண்கள் கொண்ட குழு. ஆகஸ்ட் 5 அன்று எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியின் 'இன்கிகாயோ' நிகழ்ச்சியில் மேடையேறினார்கள். கடைக்குட்டி சோஹ்யொனுக்கு வயது 16. மூத்தவர்களும் பதினெட்டைத் தாண்டவில்லை. ஆனால் ஜெசிகா, ஹ்யோயோன் போன்றவர்கள் அதற்குள் ஏறத்தாழ ஏழு ஆண்டுப் பயிற்சியை முடித்திருந்தார்கள். நிறுவனமே சிறு வயதில் பொறுக்கி எடுத்துப் பயிற்சி தந்து மேடையேற்றும் கொரிய 'ஐடல்' முறை அப்படி. பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்ததும் கண்ணாடி பதித்த அறைக்குள் போக வேண்டும். ஆட்டம், குரல், அந்நிய மொழி என்று இரவு வரை பாடம் நடக்கும். அறிமுகமாவோமா மாட்டோமா என்பது யாருக்கும் தெரியாது.

இசையமைத்தவர் கென்ஸி. பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, எஸ்.எம். நிறுவனத்துக்காகப் பல ஆண்டுகள் பாட்டுகள் போட்டுக்கொண்டிருப்பவர். வரிகளை எழுதியவர் கிம் ஜங்-பே.

சரி, பாட்டுக்கு வருவோம்.

முதல்முறை கேட்கும் யாருக்கும் இது ஒரு மகிழ்ச்சியான பாட்டு என்றே தோன்றும். டிரம்ஸ் நிற்காமல் ஓடுகிறது. மின் கித்தாரும் சிந்தசைஸரும் வெயில் அடித்தாற்போல் பளிச்சென்று இருக்கின்றன. மேஜர் சுரக்கட்டு. ஓடிவந்து பேருந்தில் ஏறியவர்போல மூச்சு வாங்கும் குரல்கள். அப்புறம் வரிகளைக் கேளுங்கள். எடுத்த எடுப்பிலேயே 'சோகமான காலம்' வருகிறது. கொஞ்சம் தள்ளி, விசேஷமான அதிசயம் எதற்கும் காத்திருக்காதே என்கிறது. நம் முன்னால் இருப்பது கரடுமுரடான பாதை, தெரியாத எதிர்காலம், சுவர். மாற மாட்டேன், விட்டுக்கொடுக்க முடியாது. காயம்பட்ட மனம்கூட ஓர் இடத்தில் வருகிறது. இவ்வளவையும் தலையை ஆட்டிக்கொண்டே ரசிக்கிறோம் என்பதுதான் வேடிக்கை. சோகத்தைச் சோகமான மெட்டில் பாடுவது எளிது. அதைத் தூக்கி ஓட்டத்தின் மேல் வைத்துவிட்டால், அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு ஆறுதல் கிடைக்கிறதோ இல்லையோ, எழுந்து நடக்கலாம் என்று தோன்றுகிறது.

இன்னொரு தந்திரம், பல்லவி வருவதற்கு முன் நம்மைக் காக்க வைப்பது. சரணம் முடிந்ததும் மெட்டு ஒரு படி ஏறுகிறது. இதோ வந்துவிட்டது என்று நினைத்தால் இல்லை, இன்னொரு படி. இரண்டாவது படியின் உச்சியில் பாடகிகள் சொல்வது, 'நின்றுபோன இந்த நேரம்'. நேரம் நின்றுவிட்டது என்ற சொல் காதில் விழுந்த கையோடு பல்லவி வெடித்துத் திறக்கிறது. ஒன்பது பேரும் சேர்ந்து 'சாராங்ஹே', உன்னை நேசிக்கிறேன். தாளம் பொடிப்பொடியாக ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் மெட்டு மட்டும் நீளநீளமான சுரங்களில் போகிறது. இந்த அமைப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கால்களுக்கு வேகம், தொண்டைக்கு நிதானம். பாடத் தெரியாத ஆயிரம் பேர் ஒன்றாகச் சேர்ந்தால்கூடக் குழப்பம் இல்லாமல் பாடிவிடலாம்.

அந்த ஆண்டின் மற்ற வெற்றிப் பாட்டுகளோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை தெரியும். 2007 செப்டம்பரில் வொண்டர் கேர்ள்ஸ் குழுவின் 'டெல் மீ' வந்து கொரியாவையே ஆட்டி வைத்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மண்டைக்குள் ஆணி அடிக்கும் வகை. கொரியர்கள் இதை 'ஹூக் சாங்' என்றார்கள், தூண்டில் பாட்டு. கேர்ள்ஸ் ஜெனரேஷனும் பின்னால் அதே தூண்டிலை எடுத்துத்தான் பெரிய மீனைப் பிடித்தது. 2009 ஜனவரியில் வந்த 'ஜீ', கே.பி.எஸ். தொலைக்காட்சியின் 'மியூசிக் பேங்க்' பட்டியலில் தொடர்ந்து 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. நண்டுக்கால் ஆட்டமும் வண்ண வண்ண ஜீன்ஸும் நாட்டையே பிடித்துக்கொண்டன. 'தாஷி மன்னன் செகே' அந்த ரகம் இல்லை. தலைப்பு எங்கே வருகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. பல்லவியின் கடைசி வரியில், அதுவும் அப்படியே வராமல், நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. 'தாஷி மன்னன் நாயே செகே'. மீண்டும் சந்தித்த என் உலகம். அந்த 'என்'னுக்கு அப்புறம் வருகிறேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் ஐடல் பாட்டைப் பற்றிப் பேச முடியாது. பல்லவியில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் காலை உயர்த்தி உதைக்கிறார்கள். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒன்பது கால்கள் ஒரே உயரத்தில், ஒரே நொடியில் எழும்ப வேண்டும். அதில் ஒன்று அரை நொடி பிந்தினாலும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். கொரியர்கள் இந்த வகை ஒத்திசைவுக்கு 'கல்குன்மு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கத்தியால் வெட்டினாற்போன்ற குழு ஆட்டம். அதுவரை பெண் குழுக்கள் என்றால் சிணுங்கல், கண்சிமிட்டல் என்றிருந்த எதிர்பார்ப்புக்கு இந்த உதை ஒரு சின்னப் பதில். உதைத்துக்கொண்டே நேரலையில் அந்த நீளமான சுரங்களையும் பிடிக்க வேண்டும். மூச்சு எங்கே எடுப்பது என்பதே ஒரு கணக்கு. பின்னால் வந்த எத்தனையோ பயிற்சிப் பெண்களுக்கு இதுதான் பரீட்சைப் பாட்டு ஆனது. 2016இல் எம்நெட் சேனல் நடத்திய 'புரொட்யூஸ் 101' போட்டியிலும் பெண்கள் சிலர் இதை ஆடிக் காட்டித்தான் மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது.

மேடையில் நடப்பது பாட்டின் ஒரு பாதிதான். மறுபாதி எதிரே உட்கார்ந்திருக்கிறது. 'உங்வொன்போப்' என்று ஒன்று உண்டு, ஆரவார முறை என்று சொல்லலாம். பாட்டின் எந்த இடத்தில் ரசிகர்கள் என்ன கத்த வேண்டும் என்ற எழுதப்பட்ட விதி. தொடக்க இசை ஓடும்போது ஒன்பது பேரின் பெயர்களையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். பாடகர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு சொல்லைப் போட வேண்டும், வரி முடியும்போது கடைசிச் சொல்லை எதிரொலிக்க வேண்டும். கோயில் பஜனையில் முன்பாட்டும் பின்பாட்டும் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடல் பாட்டைப் பதிவாக மட்டும் கேட்கிறவர்களுக்கு அங்கங்கே ஓட்டை இருப்பதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். கூட்டத்துக்காக விட்டுவைத்த இடம் அது. கையில் லைட்ஸ்டிக் என்ற ஒளிரும் கோல், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வடிவம், ஒரு நிறம். முன்பெல்லாம் பலூன்கள் இருந்தன. அந்தக் காலத்து ஆண் குழுக்களில் எச்.ஓ.டி. ரசிகர்களுக்கு வெள்ளை, செக்ஸ்கீஸ் ரசிகர்களுக்கு மஞ்சள் என்று அரங்கம் கட்சிக்கொடி கட்டினாற்போல் பிரிந்து கிடக்கும்.

அந்த மறுபாதி வர மறுத்தால் என்ன ஆகும்? அதற்கும் இந்தக் குழுவிடமே உதாரணம் இருக்கிறது.

2008 ஜூன் 7. தலைநகர் சோலின் ஜம்ஷில் ஒலிம்பிக் மைதானத்தில் 'ட்ரீம் கான்சர்ட்'. பல குழுக்கள் ஒரே மேடையில் வந்து போகும் வருடாந்தர நிகழ்ச்சி. கேர்ள்ஸ் ஜெனரேஷன் மேடையேறியதும் அரங்கின் பெரும்பகுதி விளக்கை அணைத்துவிட்டது. பெரிய ஆண் குழுக்களின் ரசிகர் மன்றங்கள் பேசி வைத்துச் செய்த வேலை. ஏறத்தாழ பத்து நிமிடம் லைட்ஸ்டிக்கும் இல்லை, கைத்தட்டலும் இல்லை. மூலையில் இருந்த சொந்த ரசிகர்களின் சின்னத் திட்டு மட்டும் இளஞ்சிவப்பில் மினுங்கியது. கே-பாப் எனப்படும் கொரிய பாப் இசையின் வரலாற்றில் இதற்கு 'கருங்கடல்' என்று பெயரே நிலைத்துவிட்டது. ஆட வந்தவர்கள் பதின்ம வயதுப் பெண்கள், முழு நிகழ்ச்சியையும் ஆடி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். ரசிகர் மன்றம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சத்தம் போட்டு விரட்டுவதைவிட இந்த மௌனம் கொடூரமானது என்று தோன்றுகிறது.

எட்டு ஆண்டு கழிந்தது. பாட்டு பழைய பாட்டாகியிருந்தது. ஜெசிகா 2014இலேயே குழுவிலிருந்து போய்விட்டார்.

2016 ஜூலை 28. சோலில் உள்ள ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் மாணவிகள் தலைமைக் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்குப் போன பெண்களுக்காக நிர்வாகம் தனியாக ஒரு கல்லூரி தொடங்கப் பார்த்தது. இது பட்டத்தை விற்கும் வியாபாரம், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவர்கள் கோபம். (படித்த இடத்தின் பெருமையைக் காக்கப் பார்க்கிறார்கள் என்று அவர்கள்மேல் விமர்சனமும் எழுந்தது. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு.) உள்ளே மாட்டிக்கொண்ட பேராசிரியர்களையும் ஊழியர்களையும் மீட்க ஜூலை 30 அன்று சுமார் 1,600 போலீசார் வளாகத்துக்குள் வந்தார்கள். மாணவிகள் கையோடு கை கோத்துக்கொண்டு அமர்ந்தார்கள். அப்போது பாடினார்கள். என்ன பாடினார்கள் என்பதுதான் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

கொரியாவில் போராட்டத்துக்கு என்று பாட்டுகள் இல்லாமல் இல்லை. 1980இல் குவாங்ஜு நகர மக்கள் ராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டதன் நினைவிலிருந்து பிறந்த 'அன்பானவருக்கான நடைப்பாட்டு' இருக்கிறது. 1971இல் வந்து, பிறகு தடை செய்யப்பட்ட 'காலைப் பனித்துளி' இருக்கிறது. முஷ்டியை உயர்த்திப் பாட வேண்டிய பாட்டுகள், அப்பா அம்மாவின் பாட்டுகள். ஈஹ்வா மாணவிகளோ வெளி அமைப்புகள், கட்சிகள் யாரும் உள்ளே வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். தலைவர் என்று யாரும் இல்லை, எல்லாவற்றையும் மணிக்கணக்கில் பேசியே முடிவெடுத்தார்கள். அந்தப் பழைய பாட்டுகளைப் பாடினால் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அமைப்புகளின் வாசனையும் வந்துவிடும். பிறகு எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு எது? இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள் 2007இல் பதினொன்று பதின்மூன்று வயதில் இருந்திருப்பார்கள். வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிவிட்டு அந்த உதையை உதைத்துப் பார்த்த தலைமுறை.

அந்தக் காணொளியில் டிரம்ஸ் இல்லை, கித்தார் இல்லை. நடுங்கும் குரல்கள் மட்டும். வேகத்தைக் கழற்றி எடுத்துவிட்டால் இந்தப் பாட்டில் என்ன மிஞ்சும் என்பதை அங்கே கேட்கலாம். 'கரடுமுரடான பாதை', 'தெரியாத எதிர்காலம்', 'சுவர்'. ஒன்பது ஆண்டாகத் துள்ளலுக்கு அடியில் படுத்திருந்த சொற்கள் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டன. நேர் எதிரே சுவர்போல நின்றது போலீஸ் வரிசை. நீளமான சுரங்கள் என்று சொன்னேன் அல்லவா, அழுதுகொண்டே பாடினாலும் அவை உடையாமல் நிற்கின்றன. காதலியின் வாயில் வைத்த 'காயம்பட்ட மனம்' யாருடையது என்ற கேள்விக்கே அங்கு இடம் இல்லை.

ஆகஸ்ட் 3 அன்று பல்கலைக்கழகம் திட்டத்தைக் கைவிட்டது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதிபர் பார்க் குன்-ஹேயின் நெருங்கிய தோழி சோய் சூன்-சில்லின் மகளுக்கு இதே பல்கலைக்கழகத்தில் சலுகை காட்டப்பட்ட விஷயம் அந்த இலையுதிர் காலத்தில் வெளியே வந்தது. நூல் பிடித்துக்கொண்டே போனதில் அதிபர் வரை போயிற்று. மெழுகுவர்த்திப் போராட்டங்கள் தொடங்கின. ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர், மெழுகுவர்த்தி காற்றடித்தால் அணைந்துவிடும் என்று ஏளனமாகச் சொன்னார். பேட்டரி விளக்குகளோடு மக்கள் வந்தார்கள். வீட்டில் சும்மா கிடந்த லைட்ஸ்டிக்குகளும் அப்போதே சில கைகளில் தெரிந்தன. 2017 மார்ச் 10 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அதிபரைப் பதவியிலிருந்து நீக்கியது.

லைட்ஸ்டிக் முழுதாகத் தெருவுக்கு வந்தது 2024 டிசம்பரில். 3ஆம் தேதி இரவு அதிபர் யூன் சோக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றம் சில மணி நேரத்திலேயே அதைச் செல்லாததாக்கியது. அடுத்த நாள்களில் யொயிடோவில், நாடாளுமன்றத்தின் முன்னால், குளிரில் கூட்டம் திரண்டது. இளம் பெண்கள் ஏராளம். ஆளுக்கொரு லைட்ஸ்டிக். யார் எந்தக் குழுவின் ரசிகர் என்பது வடிவத்தைப் பார்த்தாலே தெரியும், ஆனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒருகாலத்தில் போட்டிக் குழுவுக்கு விளக்கை அணைத்துப் பழகிய ரசிகர் உலகம்தான் இது. ஏஸ்பா குழுவின் 'விப்லாஷ்' ஓடியபோது அதன் தாளத்துக்குள் பதவி நீக்க முழக்கத்தைச் செருகினார்கள். எந்த இடைவெளியில் எந்தச் சொல்லைப் போடுவது என்று இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி. போராட்டத்துக்கு வருகிறவர்கள் சாப்பிடட்டும் என்று கடைகளில் முன்பணம் கட்டி வைக்கும் வழக்கமும் பரவியது. கேர்ள்ஸ் ஜெனரேஷனின் யூரி, தன் குழுவின் ரசிகர்களுக்காகக் கிம்பாப்புக்கு (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) பணம் கட்டியிருந்தார்.

'தாஷி மன்னன் செகே' வந்தபோது மட்டும் முழக்கம் எதையும் செருக வேண்டியிருக்கவில்லை. 'தெரியாத எண்ணற்ற பாதைகளின் நடுவே மங்கிய ஒளியைத் துரத்திப் போகிறேன்' என்று பல்லவியிலேயே இருக்கிறது. பாடுகிறவர் கையில் விளக்கு.

இப்போது அந்த 'என்'. முதல் பல்லவி 'மீண்டும் சந்தித்த என் உலகம்' என்று முடிகிறது. பாட்டு நடுவில் இருண்டு, இசை மெலிந்து, 'இந்தக் கறுத்த இரவில்' என்று தணிந்து, மறுபடி எழும்பிக் கடைசிப் பல்லவிக்கு வரும்போது அந்த 'என்' மாறிவிடுகிறது. 'தாஷி மன்னன் உரியே'. 'உரி' என்றால் நாம். உலகம் என்ற சொல் வரவில்லை. வேற்றுமை உருபோடு வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால் ஒரு சிக்கல். கொரியத்தின் 'உரி'க்கு நாம், நாங்கள் என்ற பேதம் கிடையாது. நமக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 2007 மேடையில் ஒன்பது பெண்கள் பாடியது 'மீண்டும் சந்தித்த எங்களுடைய' என்று இருக்கலாம். 2016இல் போலீசின் முன் கை கோத்திருந்தவர்கள் பாடியதும் ஒருவேளை 'எங்களுடைய'தான், வெளியாள் யாரும் வேண்டாம் என்றல்லவா உட்கார்ந்திருந்தார்கள்.

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் போதிய உறுப்பினர்கள் வாக்களிக்காமல் அதிபரைப் பதவி நீக்கும் தீர்மானம் விழுந்திருந்தது. இந்த முறை ஆதரவாக 204 வாக்குகள், தேவை 200. மாலை ஐந்து மணி வாக்கில் அவைத்தலைவர் முடிவை வாசித்தார். வெளியே பெரிய திரைகளில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒலிபெருக்கியில் 'தாஷி மன்னன் செகே' ஓடத் தொடங்கியது. பக்கத்தில் நின்றவர் யார் என்று தெரியாமலே எல்லோரும் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தார்கள். மீண்டும் சந்தித்த நம்முடைய.